ரெண்டு ஸ்க்ரீன் லேப்டாப் வாங்கலாமா? உங்கள் கழுத்தையும் ஒரு வார்த்தை கேளுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. லேப்டாப் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரப்போகும் பெற்றோர், கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன வாரம் ஒரு அப்பா வந்திருந்தார். மாதா மாதம் சர்க்கரைக்கு என்னிடம் பார்ப்பவர். சீட்டை வாங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், ஒரு சந்தேகம். பொண்ணு ஆர்க்கிடெக்சர் சேர்ந்திருக்கா. கீபோர்டுக்கு மேல இன்னொரு டச் ஸ்க்ரீன் இருக்குமே, அந்த மாதிரி லேப்டாப் வேணும்ங்கிறா. சொசைட்டியில லோன் போட்டுத்தான் வாங்கணும். நீங்க அப்படி ஒண்ணு வெச்சிருந்தீங்களே, நல்லா இருக்குமா?"

ஆமாம், வைத்திருந்தேன். இப்போது அது என் மேசையில் இல்லை. ஏன் இல்லை என்று அவரிடம் பத்து நிமிடம் பேசினேன். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அவசரமாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதைத்தான் இங்கே பொறுமையாக எழுதுகிறேன்.

"டாக்டருக்கும் லேப்டாப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள்.

கழுத்து வலி, மணிக்கட்டு வலி, விரல் மரத்துப்போகுது, கண் எரியுது என்று வரும் இருபது, முப்பது வயதுக்காரர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் லேப்டாப்? எப்படி உட்கார்ந்து?" என்பதுதான். அதனால் சம்பந்தம் நிறையவே இருக்கிறது.

முதலில், இந்த இரண்டாவது ஸ்க்ரீன் என்பது ஒரே பொருள் அல்ல. நான்கு வகை இருக்கிறது.

முதல் வகை, கீபோர்டின் மேல் வரிசையில் இருக்கும் எஃப்1, எஃப்2 பட்டன்களை எடுத்துவிட்டு அங்கே ஒரு ஒல்லியான டச் பட்டையை வைப்பது. 2014இல் லெனோவோ தன் திங்க்பேட் எக்ஸ்1 கார்பனில் இதைச் செய்தது. 2016இல் ஆப்பிள், மேக்புக் ப்ரோவில் டச் பார் என்று கொண்டுவந்தது.

இரண்டாம் வகை, மவுஸுக்குப் பதிலாக விரல் தேய்க்கிறோமே, அந்த டச்பேடையே சின்ன ஸ்க்ரீனாக மாற்றுவது. 2018இல் அசுஸ் ஸ்க்ரீன்பேட் என்ற பெயரில் 5.5 அங்குலத்தில் கொண்டுவந்தது.

மூன்றாம் வகை, கீபோர்டுக்கும் மெயின் ஸ்க்ரீனுக்கும் நடுவில் அகலமாக ஒரு ஸ்க்ரீன். 2019இல் வந்த அசுஸ் ஜென்புக் ப்ரோ டுவோ இதற்கு நல்ல உதாரணம். மேலே 15.6 அங்குலம். கீழே அதே அகலத்துக்கு, பாதி உயரத்தில், இன்னொன்று. எடை 2.5 கிலோ. அந்தப் பெண் கேட்பது இந்த வகையைத்தான்.

நான்காம் வகை, கீபோர்டையே தனியாகக் கழற்றி வைத்துவிட்டு, மேலும் கீழும் இரண்டு முழு ஸ்க்ரீன். 2023இல் வந்த லெனோவோ யோகா புக் 9ஐ, 2024இல் வந்த அசுஸ் ஜென்புக் டுவோ போன்றவை.

இவற்றில் நல்லதே இல்லையா? இருக்கிறது. நான் பணம் கொடுத்து வாங்கியவன். அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீடியோ கால் மூலம் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்த காலத்தில்தான் வாங்கினேன். மூன்றாம் வகை. மேலே நோயாளியின் முகம், கீழே அவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். ஒன்றை மூடி ஒன்றைத் திறக்கும் வேலை இல்லை. உண்மையிலேயே சுகமாக இருந்தது.

அதைவிடப் பிடித்தது பேனா. "இதயத்துல அடைப்பு இருக்கு" என்று வாயால் பத்து முறை சொன்னாலும் புரியாது. கீழ் ஸ்க்ரீனில் இதயத்தை வரைந்து, ரத்தக்குழாயை வரைந்து, "இந்த எடத்துல குறுகியிருக்கு" என்று காட்டினால் ஒரு நிமிடத்தில் புரியும். செங்குத்தான ஸ்க்ரீனில் எழுதினால் தோள் கடுக்கும். கிடையாக இருக்கும் ஸ்க்ரீனில் எழுதுவது நோட்டில் எழுதுவது மாதிரி. இது பெரிய பிளஸ்.

வீடியோ எடிட் செய்பவர்களுக்கு டைம்லைனைக் கீழே இறக்கிவிட்டு மேலே முழுப் படத்தையும் பார்க்க முடியும். புரோகிராம் எழுதுபவர்கள் கோடை மேலேயும் அது ஓடும் விண்டோவைக் கீழேயும் வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி ஊர் மாறி வேலை செய்பவர்கள் தனியாக மானிட்டர் சுமக்க வேண்டியதில்லை. இதெல்லாம் நியாயமான லாபங்கள்தான்.

சரி, விலை என்ன? நான் ரூபாயைச் சொல்லவில்லை. உடம்பு கொடுக்கும் விலையைக் கேட்கிறேன்.

என் அனுபவத்தை ஒரே வரியில் சொன்னால் இதுதான்:

விரல் செய்யும் வேலையைக் கண்ணிடம் கொடுக்கிறோம். கண் செய்யும் வேலையைக் கழுத்திடம் கொடுக்கிறோம்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் விரல்.

ஆஸ்பத்திரியில் அனுபவமுள்ள சிஸ்டர் ஒருவர் ஊசி போடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? நரம்பு கிடைக்கவில்லை என்று மற்றவர்கள் திணறும்போது, அவர் கையைப் பிடித்து விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். "இதோ இருக்கு" என்பார். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிகிறது. தொடு உணர்வுக்கான நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் விரல் நுனியும் ஒன்று.

உங்கள் கீபோர்டில் எஃப், ஜே ஆகிய இரண்டு எழுத்துகளில் மட்டும் சின்னதாக ஒரு மேடு இருக்கும். இப்போதே தடவிப் பாருங்கள். அது அழகுக்கு இல்லை. பார்க்காமலே விரல்கள் தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க. அங்கிருந்து மற்ற எழுத்துகளுக்குப் போவது பழக்கம். அந்தப் பழக்கம் மூளையில் ஏறிவிட்டால் கண்ணுக்கு வேலையே இல்லை.

வழுவழுப்பான கண்ணாடியில் மேடு ஏது, பள்ளம் ஏது? சவுண்டைக் குறைக்கக்கூட கீழே குனிந்து பார்த்துத்தான் தொட வேண்டும். அதுவும் அந்தப் பட்டையில் இருக்கும் பட்டன்கள், நீங்கள் எந்தச் செயலியில் இருக்கிறீர்களோ அதற்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். இடம் மாறும் பட்டனை விரல் எப்படி மனப்பாடம் செய்யும்?

பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு இது வெறும் அசௌகரியம் இல்லை. பட்டனைத் தடவி அறிகிறவருக்கு, கண்ணாடி என்பது அழித்துவிட்ட பலகை மாதிரி. வாசித்துச் சொல்லும் மென்பொருள் உதவும்தான். ஆனால் ஒரு தட்டில் முடிந்த வேலை, தேடிக் கேட்டுத் தட்டும் வேலையாகிவிடுகிறது.

நம்ம ஊர் வெயிலில் இன்னொரு தொல்லை. வியர்த்த விரலை டச் ஸ்க்ரீன் சரியாக எடுத்துக்கொள்ளாது. தட்டினால் ஒன்று நடக்கும், நினைத்தது வேறொன்றாக இருக்கும்.

அடுத்து கழுத்து.

நம் தலையின் எடை சுமார் 4.5 முதல் 5 கிலோ. நிமிர்ந்து இருக்கும்போது இந்த எடை முதுகெலும்பின் மேல் நேராக உட்கார்ந்திருக்கும். பெரிய சிரமம் இல்லை.

5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள். அதே பையைக் கையை முன்னால் நீட்டித் தூக்கிப் பாருங்கள். பை அதேதான். ஆனால் ரெண்டு நிமிடத்தில் தோள் கதறும். தலையை முன்னால் குனியும்போது பிடரித் தசைகளுக்கு நடப்பது இதுதான். எவ்வளவு குனிகிறோமோ அவ்வளவு இழுவை.

மானிட்டர் வைக்க ஒரு பொது விதி உண்டு. ஸ்க்ரீனின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். ஸ்க்ரீனின் நடுப்பகுதியைப் பார்க்க, பார்வை 15 முதல் 20 டிகிரி தாழ்ந்தால் போதும். அந்த அளவுக்குக் கண்ணே இறங்கிக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் கண்ணால் மட்டும் முடியாது, கழுத்தும் சேர்ந்து குனியும்.

சாதாரண லேப்டாப்பே இந்த விதிக்குப் பொருந்தாது. ஸ்க்ரீன் தாழ்வாகத்தான் இருக்கும். இதில், மேசையோடு மேசையாகப் படுத்திருக்கும் இன்னொரு ஸ்க்ரீனைப் படிக்க எவ்வளவு குனிய வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நானும் குனிந்தேன். மூன்றாவது மாதம் பிடரியில் வலி ஆரம்பித்தது. நோயாளிகளுக்கு "நிமிர்ந்து உக்காருங்க" என்று சொல்லும் நான், ராத்திரி ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்தேன். வீட்டில் சிரித்தார்கள்.

கண் விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். கீழ்நோக்கிப் பார்க்கும்போது இமை பாதி இறங்கியிருக்கும். காற்றுபடும் பரப்பு குறைவு. அதனால் கண் உலர்வது குறையும். ஆக, சற்றுத் தாழ்ந்த ஸ்க்ரீன் கண்ணுக்கு நல்லதே. ஆனால் எந்த ஸ்க்ரீனாக இருந்தாலும் உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்துவிடும். ரெண்டு ஸ்க்ரீன் இருப்பதால் அது சரியாகிவிடாது.

நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்களுக்குத் தனிச் சிக்கல். கிட்டப் படிக்கும் பவர், கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் இருக்கும். கீழ் ஸ்க்ரீன் தெளிவாகத் தெரியும். மேல் ஸ்க்ரீனைப் பார்க்க மோவாயை மேலே தூக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மோவாய் ஏறும், இறங்கும்? ஆட்டுக்கல் மாதிரி கழுத்து சுற்றிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக மணிக்கட்டு. இதை வாங்குகிறவர்கள் பலர் கவனிப்பதே இல்லை.

சாதாரண லேப்டாப்பில் கீபோர்டுக்கு முன்னால் கை வைக்க இடம் இருக்கும். மூன்றாம் வகையில் அந்த இடம் கிடையாது. நடுவில் ஸ்க்ரீன் வந்துவிட்டதால் கீபோர்டை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். டச்பேட் வலது பக்கம் ஒல்லியாக ஒதுங்கிவிட்டது. கை வைக்கத் தனியாக ஒரு பட்டையைச் சில மாடல்களில் பெட்டியோடு கொடுத்தார்கள். மேசையில் இருக்கும்வரை சரி. மடியில் வைத்து, பஸ்ஸில், ரயிலில் தட்டும்போது அது எங்கே நிற்கும்? மணிக்கட்டு அந்தரத்தில் தொங்கும், இல்லையென்றால் மேசை விளிம்பில் அழுந்தும்.

மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய பாதை இருக்கிறது. அதன் வழியாகத்தான் மீடியன் என்ற நரம்பு விரல்களுக்குப் போகிறது. கையைப் பின்பக்கமாக மடக்கி வைத்தாலோ, அந்த இடத்தை அழுத்தினாலோ உள்ளே அழுத்தம் கூடும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். சுண்டு விரலுக்கு ஒன்றும் ஆகாது. ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறுவார்கள். இதுதான் கார்ப்பல் டனல் பிரச்சினை.

கீபோர்டு மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்ப காலம், உடல் பருமன் எல்லாம் சேரும். ஆனால் ஏற்கெனவே இவற்றில் ஒன்று இருப்பவர், கை வைக்க இடமில்லாத கீபோர்டைத் தேடிப் போய் வாங்க வேண்டாம்.

"டாக்டர், நீங்க சும்மா பயமுறுத்துறீங்க" என்று யாராவது கமெண்டில் எழுதுவீர்கள். தெரியும். என் பேச்சை விடுங்கள். அதைச் செய்தவர்களே பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

லெனோவோ 2014இல் எடுத்த பட்டன்களை 2015 மாடலிலேயே திரும்ப வைத்துவிட்டது.

ஆப்பிள் 2019இல் 16 அங்குல மேக்புக் ப்ரோவில் எஸ்கேப் பட்டனை மட்டும் திரும்பக் கொண்டுவந்தது. 2021இல் வந்த 14, 16 அங்குல மாடல்களில் டச் பாரையே எடுத்துவிட்டு முழு வரிசைப் பட்டன்களை வைத்தது. 13 அங்குலத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த டச் பார், 2023இல் அந்த மாடலோடு போய்விட்டது. விரலின் வேலையை விரலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அசுஸ் கதை இன்னும் சுவாரசியம். 2019இல் கீழ் ஸ்க்ரீன் தட்டையாகப் படுத்திருந்தது. 2021இல் வந்த 14 அங்குல டுவோவில் 7 டிகிரி தூக்கி நின்றது. 2022இல் வந்த ப்ரோ மாடலில் 12 டிகிரி. 2024இல் கீபோர்டையே கழற்றிவிட்டு, பின்னால் ஒரு ஸ்டாண்ட் கொடுத்து, இரண்டு ஸ்க்ரீனையும் ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்திவிட்டார்கள்.

படுத்திருந்த ஸ்க்ரீன் அஞ்சே வருஷத்தில் எழுந்து நின்றுவிட்டது. காற்றோட்டம், பார்க்க வசதி என்று பல காரணம் சொல்லலாம். என் கண்ணுக்கு அது கழுத்து ஜெயித்த கதையாகத்தான் தெரிகிறது.

அதனால் "இரண்டாவது ஸ்க்ரீன் கெட்டது" என்பது என் கருத்து இல்லை. அது எங்கே இருக்கிறது, அதில் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. பேனாவால் எழுத, வரைய, எப்போதாவது ஒரு பார்வை பார்க்க, கிடையான ஸ்க்ரீன் நல்லது. மணிக்கணக்கில் படிப்பதற்கு அது ஆகாது. பட்டனுக்குப் பதிலாக வைப்பதற்கு அறவே ஆகாது.

வாங்கும் முன் கடையில் ஐந்து நிமிடம் இதைச் செய்து பாருங்கள்:

1. நின்றுகொண்டு பார்க்காதீர்கள். நாற்காலி கேட்டு உட்காருங்கள். நின்று பார்த்தால் எல்லா ஸ்க்ரீனும் அழகாகத்தான் தெரியும்.

2. கீழ் ஸ்க்ரீனில் ஒரு முழுப் பக்கம் படியுங்கள். மோவாய் நெஞ்சை நோக்கிப் போகிறதா என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. பத்து வரி டைப் செய்யுங்கள். மணிக்கட்டு எங்கே இருக்கிறது?

4. கீழே பார்க்காமல் சவுண்டைக் குறையுங்கள். முடிகிறதா?

5. சார்ஜரோடு சேர்த்துப் பையில் போட்டுத் தோளில் மாட்டிப் பாருங்கள்.

6. கீழ் ஸ்க்ரீன் உடைந்தால் மாற்ற எவ்வளவு, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று கேளுங்கள். டீ டம்ளரை லேப்டாப் பக்கத்திலேயே வைக்கும் ஜாதி நாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கவலை வேண்டாம். லேப்டாப்பை மேசை விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வையுங்கள். முன்கை மேசையில் படியும். நீளமாகப் படிக்க வேண்டியதை மேல் ஸ்க்ரீனுக்கு மாற்றுங்கள். பாட்டு, சாட், கால்குலேட்டர் போன்றவை கீழே இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தை 20 வினாடி பாருங்கள்.

ஆனால் கை பலவீனமாகி டம்ளர் நழுவுகிறது, கழுத்திலிருந்து கைக்கு ஷாக் அடிப்பது போல வலி இறங்குகிறது, நடை தடுமாறுகிறது என்றால் பதிவைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது, என் லேப்டாப் ஏன் மேசையை விட்டுப் போனது என்று சொல்லிவிடுகிறேன். கழுத்து வலி பாதிக் காரணம்தான்.

வீடியோ காலில் பார்த்துப் பழகியதை கிளினிக்கிலும் தொடர்ந்தேன். நோயாளி எதிரே இருப்பார். நான் கீழ் ஸ்க்ரீனில் குறிப்பு எழுதிக்கொண்டே கேட்பேன். ஒரு நாள் எழுபது வயது அம்மா ஒருவர் வந்தார். பசி இல்லை, தூக்கம் இல்லை என்றார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் அவரிடமிருந்து சத்தமே இல்லை.

"ஏன் தம்பி, அந்தக் கண்ணாடிக்குள்ளயா நான் இருக்கேன்? எம் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டீங்களா?"

நிமிர்ந்து பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. வீட்டுக்காரர் இறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அதை அவர் வாய் சொல்லவில்லை. நெற்றியும் கழுத்தும் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. நான்தான் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது பசி மாத்திரை இல்லை.

மேலே முகம், கீழே ரிப்போர்ட், ரெண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். மனிதனால் அது முடியாது. கண் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்கும். அன்று சாயங்காலமே அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். இப்போது படம் வரைந்து காட்ட வேண்டியிருந்தால் மட்டும் கிளினிக்குக்கு வரும். மேசையில் பழையபடி ஒரு நோட்டும் பேனாவும்.

அந்த அப்பாவுக்கு என்ன சொன்னேன்?

"அண்ணே, பொண்ணுகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அந்தக் கீழ் ஸ்க்ரீன்ல நீ என்ன செய்யப் போறே? அவகிட்ட தெளிவா பதில் இருந்தா யோசிக்கலாம். ஆர்க்கிடெக்சருக்குப் பெரிய ஸ்க்ரீன், நல்ல கிராபிக்ஸ் கார்டு, போதுமான ரேம்தான் முக்கியம். அந்தக் காசை அதுல போடுங்க. வீட்டு மேசையில தனியா ஒரு 24 அங்குல மானிட்டர். வரையறதுக்கு ஒரு பேனா டேப்லெட். கழுத்தும் தப்பிக்கும், லோனும் குறையும்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "அவ கிளாஸ்ல ஒரு பையன் வெச்சிருக்கானாம் டாக்டர், அதான்."

தப்பில்லை. நானும் யாரோ வைத்திருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பெற்றோரே, பிள்ளை கேட்டதும் "வேணாம்" என்று சொல்லிவிடாதீர்கள். கடைக்கு அழைத்துப் போங்கள். உட்கார வையுங்கள். படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் கழுத்தே பதில் சொல்லும்.

உங்களில் யாராவது இந்த வகை லேப்டாப்பை வருடக்கணக்கில் பயன்படுத்தி நன்றாக இருந்தால், எந்த வேலைக்கு, எப்படி வைத்துப் பயன்படுத்துகிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். லோன் போடப்போகும் இன்னொரு அப்பாவுக்கு உதவும்.

இதுவரை படித்துவிட்டீர்கள். இப்போது போனைக் கண் மட்டத்துக்குத் தூக்குங்கள். தோளை ஒருமுறை பின்னால் சுழற்றுங்கள்.


உங்கள் பொதுநல மருத்துவர்